சுன்னாகத்திலை தனியக் கந்தோர் திறக்க யோசிக்கிறன்: குடும்பக் காணியும் சின்னக் கடைகளும் மட்டும் வைச்சுத் தாக்குப்பிடிக்கலாமோ?

சுன்னாகம்காரி எழுதினது:

வணக்கம். சட்டத்தரணியாச் சத்தியப்பிரமாணம் எடுத்து நாலைஞ்சு வருசமாகுது. இவ்வளவு நாளும் யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு சீனியரின்ரை கந்தோரிலை இருந்தன். தமிழிலை உறுதி எழுதுறதுக்கான நொத்தாரிசு அனுமதியும் கிடைச்சிட்டுது. இப்ப சுன்னாகம் சந்தைப்பக்கம் ஒரு மேல்மாடி அறை பாத்து வைச்சிருக்கிறன். கிளார்க் வைக்கக் காசில்லை. தம்பி ஏ.எல். எடுத்துப்போட்டு நிக்கிறான், ரைப் பண்ணித் தாறன் எண்டுறான்.

கிரிமினல் வழக்கு எனக்குச் சரிவராது. காணி உறுதி, விவாகரத்து, தாபரிப்பு (மனுசி பிள்ளையளுக்கான செலவுக் காசு), சின்னக் கடைக்காரரின்ரை ஒப்பந்தம், இவ்வளவும்தான் நான் செய்ய விரும்புறது. அம்மா சொல்லுறா, "உதை வைச்சு வாடகையும் கட்டமாட்டாய்" எண்டு. சீனியர் ஒண்டும் சொல்லேல்லை, சிரிச்சவர்.

எனக்கு இப்பவே தலையிடி தாற விசயங்கள்: சொந்தக்காரர் எல்லாரும் "எங்கடை பிள்ளைதானே" எண்டு வருகினம், காசைப்பற்றிக் கதைக்க வாய் வருகுதில்லை. சகோதரங்கள் ரெண்டு மூண்டு பேராச் சேர்ந்து வந்து "எல்லாருக்கும் பொதுவாச் செய்துவிடு" எண்டுகினம். கனடாவிலை இருக்கிற ஆக்கள் சாமம் ரெண்டு மணிக்கு வாட்ஸப்பிலை குரல் அனுப்புகினம். அதோடை கட்டணம் எவ்வளவு, எப்ப கேக்கிறது?

தனியக் கந்தோர் நடத்துற ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ. உற்சாகப்படுத்தத் தேவையில்லை, உள்ளதைச் சொன்னால் போதும்.

---

நல்லூர் நொத்தாரிசு எழுதினது:

தங்கச்சி, வாடகையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதல் இதை யோசியுங்கோ: ஒரு குடும்பத்திலை இருந்து ஆறுபேர் படியேறி வந்தால், அதிலை உங்கடை கட்சிக்காரர் ஆர்? பெரிய கந்தோர் எண்டால் "அவரைப் பாருங்கோ, இவரைப் பாருங்கோ" எண்டு பிரிச்சு அனுப்பலாம். தனிய இருக்கிற எங்களுக்கு ஒரு மேசைதான். அதுக்கு முன்னாலை ஆர் இருக்கிறது எண்டதைத் தீர்மானிக்காமல் பேனையைத் தொடக்கூடாது. நான் கந்தோர் நடத்துறதே இந்த ஒரு விதியிலைதான். மிச்சமெல்லாம் கணக்கு வழக்கு.

ஒரு உதாரணம் சொல்லுறன், உங்களுக்குக் கிழமைக்கு ஒருக்கா வரும். மூத்த மகன் தாயை ஓட்டோவிலை கூட்டிக்கொண்டு வருவார். "அம்மா வீட்டை என்ரை பேருக்கு நன்கொடை எழுதப்போறா, கெதியா முடிச்சுத் தாங்கோ." காசு குடுக்கிறதும் அவர், கதைக்கிறதும் அவர். தாய் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருப்பா. நான் மகனைக் கீழை போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வரச்சொல்லுவன். கதவைச் சாத்திப்போட்டு அம்மாவிட்டை மூண்டு கேள்வி: உங்களுக்கு வேறை காணி இருக்கோ? மற்றப் பிள்ளையளுக்குத் தெரியுமோ? எழுதின பிறகு எங்கை இருக்கப்போறியள்? மூண்டாவது கேள்வியிலை கனபேர் அழுதிருக்கினம். சாகும்வரை அந்த வீட்டிலை இருக்கிற சீவிய உருத்தை வைச்சுக்கொண்டு எழுதலாம் எண்டு ஆரும் அவையளுக்குச் சொல்லியிருக்கமாட்டினம். மகன் மேலை வந்து "இதென்ன புதுசா" எண்டு முகத்தைச் சுழிப்பார். சுழிக்கட்டும். அண்டைக்கு எழுதாமல் போன உறுதியாலை நான் பட்டினி கிடக்கேல்லை.

சகோதரங்கள் "பொதுவா" எண்டு வந்தால்: எல்லாரும் ஒத்துக்கொண்ட பங்கை எழுத்திலை போட்டுக் குடுக்கிறது நொத்தாரிசு வேலை, அதைச் செய்யலாம். ஆனால் ஆருக்கு எவ்வளவு எண்டு உங்கடை மேசையிலை வாதாடத் தொடங்கினால் எழும்பி நிண்டு சொல்லுங்கோ, "உங்களிலை ஒராளுக்குத்தான் நான் ஆலோசனை சொல்லலாம், மற்றவை வேறை சட்டத்தரணியைப் பாருங்கோ" எண்டு. அந்த ஒராளும் ஆர் எண்டு பைலின்ரை முதல் தாளிலை எழுதிப்போடுங்கோ. பிறகு பிரிவிடல் வழக்கு எண்டு வந்தால் ரெண்டு பக்கமும் உங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும்.

தேசவழமை (யாழ்ப்பாணத்துத் தமிழருக்கான வழமைச் சட்டம்) இருக்கிற ஊரிலை இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுசியின்ரை சீதனக் காணியை அவ விக்கிறதெண்டாலும் நன்கொடை குடுக்கிறதெண்டாலும் புருசனின்ரை எழுத்துச் சம்மதம் வேணும். மரணசாசனம் எழுதச் சம்மதம் தேவையில்லை, ஆனால் உயிரோடை இருக்கேக்கை கைமாத்தச் சம்மதம் வேணும். அப்ப புருசன் கையெழுத்து வைக்க வருவார். வந்தவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து விலை பேசத் தொடங்குவார். காணி அவவின்ரை, கட்சிக்காரரும் அவதான். அவர் சம்மதம் தர வந்தவர், அவ்வளவுதான். கலியாணம் எங்கை நடந்தது, ஆர் எந்த ஊர் எண்டும் கேளுங்கோ. மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்காரரைக் கட்டினால் கலியாணம் இருக்கும்வரை அவவுக்கும் தேசவழமை. யாழ்ப்பாணத்துப் பெண் தேசவழமைக்கு உட்படாத ஆளைக் கட்டினால் அவவுக்கு அது இல்லை. அதைக் கேளாமல் எழுதின உறுதியள் காணிக் கந்தோரிலை கட்டுக்கட்டாக் கிடக்கு.

இனிக் காசு. உறுதி எழுத வாற ஆக்கள் முழுத்தொகையையும் கேட்டவுடனை அது உங்கடை பையுக்குள்ளை போகுது எண்டுதான் நினைப்பினம். முத்திரைத் தீர்வையைத் தனியா, உங்கடை கட்டணத்தைத் தனியா ஒரு துண்டிலை எழுதிக் குடுங்கோ. அறுதி உறுதிக்கு, அதாவது காணியை முழுசா விக்கிற உறுதிக்கு, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 25 லட்சக் காணி எண்டால் 3,000உம் 96,000உம், மொத்தம் 99,000 ரூபா அரசாங்கத்துக்கு. அதுக்குக் கீழை கோடு போட்டு உங்கடை தொகை. அந்தத் துண்டைக் காட்டத் தொடங்கின பிறகு என்னோடை ஆரும் பேரம் பேசினது குறைவு. தீர்வைக் காசை உங்கடை காசோடை கலக்கவேண்டாம், வேறை கணக்கு வையுங்கோ.

சொந்தக்காரருக்கு: இனாம் எண்டால் முழுக்க இனாம், அதையும் துண்டிலை "கட்டணம் இல்லை" எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி முழுக்கட்டணம். அரைவாசி மட்டும் வாங்காதேங்கோ. அரைவாசி குடுத்த மாமிதான் கோயிலிலை நிண்டு "அவள் எங்களிட்டையும் காசு வாங்கிப்போட்டாள்" எண்டு சொல்லுவா. முழுசாக் குடுத்தவ சொல்லமாட்டா, தன்ரை மருமகள் பெரிய நொத்தாரிசு எண்டு சொல்லுவா.

கிழமையிலை ரெண்டு நாள் கோட்டுக்குப் போகாத நாளா வையுங்கோ. உறுதி முடிச்சால் அண்டைக்கே பதிவுக்குப் போகோணும். பிறகு எழுதின உறுதி முதல் பதிஞ்சால் அதுக்குத்தான் முன்னுரிமை. மாசம் 15ஆம் திகதிக்குள்ளை போன மாசத்து இரண்டாம் பிரதிகளும் பட்டியலும் காணிப் பதிவாளருக்குப் போகோணும். உங்களுக்குக் கோட்டுத் தவணை இருக்கு, காய்ச்சல் எண்டு அந்தத் திகதி தள்ளிப்போகாது. தம்பியைச் சம்பளம் குடுத்து வையுங்கோ. சம்பளம் இல்லாத தம்பி கிரிக்கெட் மச்செண்டால் வரமாட்டான்.

---

மல்லாகம் தவணை எழுதினது:

அக்கா சொன்னதிலை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளுறன், ஆனால் கோட்டுக்குப் போகாமல் மேல்மாடியிலை இருந்தால் பிள்ளையை ஆருக்குத் தெரியும்? எங்கடை தொழிலிலை விளம்பரம் போடேலாது. பேர்ப்பலகை ஒண்டு, அதோடை சரி. சனம் எங்களைப் பாக்கிறது கோட்டு வாசலிலைதான். மல்லாகத்திலை தாபரிப்பு வழக்கிலை ஒரு பெண்பிள்ளைக்கு நிண்டு கதைச்சால், அவளின்ரை ஒழுங்கையிலை இருக்கிற பத்து வீட்டுக்கும் உங்கடை பேர் போகும். அந்தப் பத்து வீட்டிலை ஒரு வீடு பிறகு காணி எழுத வரும். எனக்கு உறுதி வேலை வந்தது முழுக்க அப்பிடித்தான்.

தாபரிப்புக்கு வாற ஆக்களிட்டைக் காசு இராது, அது உண்மை. கொஞ்ச வழக்கை எடுங்கோ, மிச்ச வழக்கைச் சட்ட உதவி ஆணைக்குழுவின்ரை யாழ்ப்பாணக் கந்தோருக்கு அனுப்புங்கோ. எல்லாத்தையும் தோளிலை தூக்கினால் ரெண்டு வருசத்திலை கந்தோரைப் பூட்டவேண்டிவரும்.

விவாகரத்துக்கு வாறவை "ரெண்டுபேருக்கும் சம்மதம் சேர், ஒரு மாசத்திலை முடிச்சுத் தாங்கோ" எண்டுவினம். சம்மதம் எண்டது எங்கடை பொதுச் சட்டத்திலை ஒரு காரணமே இல்லை எண்டு முதல் நாளே சொல்லுங்கோ. பிறழ்நடத்தை (வேறை ஆளோடை உறவு), வேணுமெண்டு கைவிட்டுப் போனது, கலியாண நேரத்திலையே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூண்டிலை ஒண்டை நிரூபிக்கோணும். தீர்ப்புக் கிடைச்சாலும் அது இறுதியாக மூண்டு மாசம் போகோணும். வெளிநாட்டு மாப்பிளை நாள் குறிச்சுப்போட்டு நிக்கிறார் எண்டு வந்து அழுவினம். நாளைக் குறிக்க முதல் வந்திருக்கலாம்.

---

திருநெல்வேலி இரும்புக்கடை எழுதினது:

நான் சட்டத்தரணி இல்லை, சாமான் விக்கிறவன். சின்னக் கடைக்காரரும் வருவினம் எண்டு எழுதினபடியால் எங்கடை பக்கத்தையும் சொல்லவேணும் போலை இருக்கு.

எங்களுக்கு வழக்குப் போட ஆள் தேவையில்லை தங்கச்சி. வழக்கு வராமல் பாக்க ஆள் தேவை. ஆனால் அதைக் கேக்க வெக்கம், ஏனெண்டால் போனால் எவ்வளவு கேப்பினம் எண்டு தெரியாது. கடை எடுக்கேக்கை வீட்டுக்காரரும் நானும் ஒரு வெள்ளைத்தாளிலை ரெண்டு வருசத்துக்கு எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சம், முத்திரையும் ஒட்டினம். பிறகு ஒரு சட்டத்தரணியிட்டைக் காட்டினால் அவ சொன்னா, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு எழுதினால்தான் செல்லும், 1840ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அப்பிடி இருக்கு எண்டு. 1840! என்ரை பாட்டாவின்ரை பாட்டா பிறக்கேல்லை. இந்த ஊரிலை எத்தினை கடை வெள்ளைத்தாளிலை நடக்குது தெரியுமோ?

அவ இன்னொண்டும் சொன்னா, அதுதான் எனக்குக் காசு மிச்சம் பிடிச்சது. கடன் கொப்பியிலை எழுதிக் குடுத்த சாமானுக்கு ஒரு வருசத்துக்குள்ளை வழக்குப் போடாட்டி காலாவதி. கையெழுத்து வைச்ச எழுத்து வாக்குறுதி இருந்தால் ஆறு வருசம். நான் மேசன்மாருக்கும் கொந்துறாத்துக்காரருக்கும் கொப்பியிலை எழுதிக் குடுத்து வருசக்கணக்கா விட்டு வைச்சிருந்தன். இப்ப ஒரு தொகைக்கு மேலை போனால் "இவ்வளவு தரவேணும், இந்தத் திகதிக்குள்ளை தருவன்" எண்டு எழுதிக் கையெழுத்து வாங்கிறன். கோவிக்கிறவையும் இருக்கினம். கோவிச்சவை பெரும்பாலும் தாறதுக்கு யோசனை இல்லாதவைதான்.

ஆகவே என்ரை யோசினை: மாசம் ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டு அஞ்சாறு கடைக்கு "எப்ப வேணுமெண்டாலும் போன் எடுத்துக் கேளுங்கோ" எண்டு வையுங்கோ. நான் சேருவன். பக்கத்து வெதுப்பகக்காரரும் சேருவார், அவர் மச்சானோடை பங்காளியாச் செய்யிறார், ஒரு எழுத்தும் இல்லை.

---

ஸ்காபரோ பொடியன் எழுதினது:

சாமத்திலை குரல் அனுப்புறது பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் எங்கடை பக்கமும் இருக்கு. அப்பாவின்ரை காணி விசயமா ஊரிலை ஒராளுக்குக் காசு அனுப்பினன். காசு கிடைச்ச அண்டைக்கு மறுமொழி வந்தது. அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் ரெண்டு நீலக்கோடு மட்டும்தான். என்ன நடக்குது எண்டு மாசத்திலை ஒரு வரி எழுதினால் நாங்கள் ஏன் சாமத்திலை கத்தப்போறம்?

---

சுன்னாகம்காரி எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. இரும்புக்கடை அண்ணை, மாசத் தொகை யோசனை எனக்கு வரவேயில்லை. வெதுப்பகக்காரரை ஒருக்கா வரச்சொல்லுங்கோ. பங்கு வியாபாரத்திலை முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேலை எண்டால் எழுத்திலை கையெழுத்தோடை இருக்கோணும், இல்லாட்டி கோட்டிலை அதை நிலைநாட்டேலாது. அதுவும் நீங்கள் சொன்ன அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆயிரம் ரூபாவுக்கு இப்ப ஒரு மூட்டை மாவும் வராது. மச்சானையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஆனால் நான் ஆருக்கு எண்டதை முதலே சொல்லிப்போடுவன் (நல்லூர் அக்கா பாக்கிறா).

நல்லூர் அக்கா, இப்ப உண்மையா ஒண்டு வந்து நிக்குது, அதுதான் திரும்ப எழுதுறன். உடுவில் பக்கத்து அம்மா ஒராள். சீதனக் காணி நாலு பரப்பு, பிரிக்காத பங்கு, அக்காவோடை சேர்ந்தது. தன்ரை பங்கிலை ஒரு பகுதியை வித்து மகளின்ரை படிப்புக்கு எடுக்கோணும் எண்டுறா. புருசன் 2009 வைகாசிக்குப் பிறகு இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டுதான் அவ சொல்லுறா, செத்திட்டார் எண்டு சொல்ல மாட்டன் எண்டு நிக்கிறா, மரணச் சான்றிதழும் எடுக்கேல்லை. காணிப் புறோக்கர் என்னோடை வந்து, "விதவை எண்டு போட்டு எழுதிவிடுங்கோ மிஸ், வாங்கிற ஆக்களுக்கும் பிரச்சினை இல்லை" எண்டுறார். வாங்கிற ஆக்கள் காசோடை நிக்கினம். நான் எழுதாட்டி ரோட்டுக்கு அங்காலை எழுத ஆள் இருக்கு எண்டும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எழுதமாட்டன். ஆனால் அவவுக்கு என்ன வழி சொல்லுறது?

---

நல்லூர் நொத்தாரிசு எழுதினது:

எழுதவே வேண்டாம். அவ விதவை எண்டு தானே சொல்லாத இடத்திலை நீங்கள் உறுதியிலை சொல்லக்கூடாது. நாளைக்கு அந்த மனுசன் பேரிலை ஏதாவது உரிமை கேக்கவேண்டி வந்தால், "நீயே விதவை எண்டு கையெழுத்து வைச்சனி" எண்டு அந்த உறுதியைத் தூக்கிக் காட்டுவினம். வாங்கிறவைக்கும் அது நல்ல உறுதி இல்லை. சம்மதம் இல்லாத சீதனக் காணியை வாங்கிப்போட்டு வங்கியிலை ஈடு வைக்கப் போகேக்கைதான் அவைக்கு விளங்கும்.

வழி இருக்கு. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, புருசன் விட்டிட்டுப் போனாலும், எங்கை இருக்கிறார் எண்டு தெரியாட்டிலும், காரணமில்லாமல் சம்மதம் தர மறுத்தாலும் மனுசி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். நீதிமன்றம் விசாரிச்சு, புருசனின்ரை சம்மதத்துக்குப் பதிலா உத்தரவு குடுக்கலாம். அந்த உத்தரவை உறுதியிலை சொல்லி எழுதினால் ஒருத்தரும் கைவைக்கேலாது. அவ செத்திட்டார் எண்டு ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை, தெரியாது எண்டதுதான் மனு. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆள் காணாமற்போனதுக்கான சான்றிதழ் எண்டு தனியா ஒண்டு எடுக்கலாம், மரணச் சான்றிதழ் இல்லை அது. அவவுக்கு விருப்பமெண்டால் அதையும் எடுத்து மனுவோடை போடுங்கோ, விருப்பமில்லாட்டி வற்புறுத்தவேண்டாம். கனபேருக்கு அந்தத் தாளைத் தொடவே ஏலாது. அது எங்கடை தொழிலிலை சட்டப் புத்தகம் உதவாத இடம்.

அடுத்தது, பிரிக்காத பங்கு எண்டு சொன்னியள். அப்ப அக்காவுக்கு முற்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாளுக்கு விக்க முதல் தான் வாங்கிற உரிமை, இருக்கு. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி விக்க முதல் நொத்தாரிசு மூலமா அறிவித்தல் போகோணும். புறோக்கர் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். சில நேரம் அக்காவே வாங்கிறன் எண்டு வருவா. இல்லையெண்டால் வாங்கேல்லை எண்டு எழுதி வாங்குங்கோ. அக்கா உங்கடை கந்தோருக்கு வந்தால் மரியாதையா இருத்துங்கோ, ஆனால் அவவுக்கு ஆலோசனை சொல்லாதேங்கோ.

கட்டணம்: மனுவுக்கு ஒரு தொகை, உறுதிக்கு ஒரு தொகை எண்டு பிரியுங்கோ. மனுவுக்குத் தவணை முறையிலை வாங்கலாம், உறுதிக்கு விக்கிற அண்டைக்கு. வித்த காசிலை இத்தினை வீதம் எண்டு மட்டும் பேசாதேங்கோ. அப்பிடிப் பேசினால் காணி விலையிலை உங்களுக்கும் ஒரு ஆசை வந்திடும்.

புறோக்கர் ரோட்டுக்கு அங்காலை போனால் போகட்டும். அவர் திரும்பியும் வருவார். அங்காலை எழுதின உறுதி வங்கியாலை திரும்பி வாற அண்டைக்கு வருவார், நான் பாத்திருக்கிறன்.

மல்லாகம் தம்பிக்கும் ஒரு வார்த்தை: கோட்டிலை நிண்டால்தான் பேர் வரும் எண்டது ஆம்பிளையளுக்குச் சரியா இருக்கலாம். என்னட்டை வந்த பெண்களிலை பெரும்பாலான ஆக்கள் கோட்டு வாசலுக்கு வரப் பயந்து, மேல்மாடி எண்டபடியால்தான் வந்தவை. ஸ்காபரோ தம்பி கேட்டது நியாயம். தங்கச்சி, மாசக் கடைசியிலை வெளிநாட்டுக் கட்சிக்காரர் எல்லாருக்கும் ஒரு வரி எழுதிப்போடுங்கோ, ஒண்டும் நடக்கேல்லை எண்டாலும் "ஒண்டும் நடக்கேல்லை, அடுத்த தவணை இன்ன திகதி" எண்டு. ஆனால் குரல் செய்தியிலை சொன்னதை வைச்சு ஒரு காணியிலையும் கைவைக்காதேங்கோ. இலங்கைத் தூதரகத்திலை கையெழுத்து வைச்ச அற்றோனித் தத்துவம் (இங்கை ஒராளுக்குக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) வரட்டும், இங்கை பதிவும் ஆகட்டும். எழுதித் தந்தவர் அங்கை மோசம் போனால் அந்தத் தத்துவமும் அண்டையோடை முடிஞ்சுது, அதையும் ஒவ்வொருமுறையும் கேளுங்கோ.

உடுவில் அம்மாவிட்டைச் சொல்லுங்கோ: கலியாண எழுத்துப் பிரதி, சீதன உறுதி, பிள்ளையின்ரை பிறப்புப் பதிவு, கிராம சேவகரின்ரை கடிதம், புருசனைத் தேடிக் குடுத்த முறைப்பாடுகளின்ரை பிரதியள், எல்லாம் தேவை. அந்த முறைப்பாட்டுத் தாள்களை அவ கட்டாயம் வைச்சிருப்பா, மூலத்தை வாங்காதேங்கோ, படம் எடுத்துப்போட்டு அப்பவே திருப்பிக் குடுங்கோ. மனுவுக்கு என்னட்டை ஒரு பழைய மாதிரி இருக்கு, பேர்களை எடுத்துப்போட்டு உங்களுக்கு அனுப்பிவிடுறன். செவ்வாய்க்குப் பிறகுதான். திங்கள் முழுக்கக் காணிக் கந்தோரிலை நிப்பன்.